ஆண்டினை முழுமையாக எழுதுக

ஏட்டில் எழுதிய நாள் மாந்தர்க்குப் பொருள் தருவது. கணினிக்கோ அஃது எழுத்துக்கோவை மட்டுமே. அதனைக் கணக்கிடுதற்குரிய நாளாக மாற்றுங்கால் நேரும் பிழை குறித்து ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

மயிலைத் தோழர் ஒருவர் இல்லத்துப் பழங்கடிதங்களின் பட்டியலை, பைத்தான் என்னும் நிரல்மொழியின் துணைகொண்டு யாம் கால முறைப்படி ஒழுங்குசெய்தோம். அவர்தம் பாட்டனார் 'வெள்ளி, 15-8-47' எனத் தலைப்பிட்டு எழுதிய கடிதம் உரிய இடத்திற் காணப்படவில்லை. தொலைந்தது போலும் என்று வீட்டார் வருந்தினர். பின்னர்ப் பட்டியலின் கடைசியில், 2047ஆம் ஆண்டின்கீழ் அதனைக் கண்டோம். காரணம் யாதெனின், ஈரிலக்க ஆண்டுகளுள் 69 முதல் 99 வரையுள்ளவற்றை 1969–1999 எனவும், 00 முதல் 68 வரையுள்ளவற்றை 2000–2068 எனவும் கொள்வது அம்மொழியின் விதி. நாடு விடுதலை பெற்ற நாளே வருங்காலத்திற்குச் சென்றும், எச்சரிக்கை ஒன்றும் எழவில்லை.

இது கருவியின் குற்றமே என்பாரும் உளர். அவ்வாறு கூறி யாம் அமைதியுறல் ஒல்லாது. பழந்தமிழ் அச்சுநூல்களிற் 'பிரபவ வருஷம்' என்று மட்டும் இருப்பின் அது 1867ஓ, 1927ஓ என மயங்குகின்றோம். '3-4-2025' என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கர்க்கு மார்ச்சு 4. சுருக்கி எழுதியவர் அறிந்ததைப் படிப்பவர் அறியார்.

1922இல் இந்தியப் பஞ்சாங்க அட்டவணைகளை வெளியிட்ட எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளையவர்கள் நமக்கு வழிகாட்டியாவார். கல்வெட்டிலுள்ள திதி, நட்சத்திரம், கிழமை ஆகியன ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா எனச் சோதித்து நாளைத் துணிதற்கு அவ்வட்டவணைகள் உதவுவன. பைத்தானோ, கிழமையைக் கொடுப்பினும் படிக்குமேயன்றி ஒத்துப்பாராது. 15-8-1947 வெள்ளிக்கிழமை, 15-8-2047 வியாழக்கிழமை. பாட்டனார் எழுதிய 'வெள்ளி' என்னும் ஒரு சொல்லை யாம் மதித்திருப்பின் பிழை அன்றே வெளிப்பட்டிருக்கும்.

ஆதலின் மூன்று வேண்டுகின்றோம். ஆண்டினை நான்கு இலக்கத்தில் எழுதுக. ஆண்டு, திங்கள், நாள் என்னும் அனைத்துலக நெறியினை மேற்கொள்க. மாற்றிய நாளின் அருகே மூலத்திற் கண்டவாறே எழுத்தையும் காத்திடுக. இவற்றால் நேரும் உழைப்பு மிகச் சிறிது. முன்னோர் எழுதியதைக் கெடாமற் பின்னோர்க்கு ஒப்படைத்தல் கற்றார் கடனன்றோ?