அளவு கேட்காத கட்டளை!

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பார்கள் நம் பெரியவர்கள்.

இந்தப் பழமொழி கம்ப்யூட்டருக்கும் பொருந்தும். அளக்காமல் போட்டதால் 1988-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் திணறிப் போயின!

அது எப்படி?

டிக்கெட் ஜன்னல்

ரெயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னல் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்லிப் பணத்தை நீட்டுகிறோம். டிக்கெட் வருகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை.

கம்ப்யூட்டரிலும் இப்படித்தான். புரோகிராம் எழுதுகிறவர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. மற்றவர்கள் எழுதி வைத்ததை உபயோகித்துக் கொள்கிறார். "இந்த வரியைப் படித்துக் கொடு", "இன்று என்ன தேதி, சொல்" என்று கேட்கிறார். அப்படிக் கேட்டு வாங்கும் ஜன்னலுக்கு "ஏ.பி.ஐ." என்று பெயர்.

அந்த ஜன்னல் கோணலாக அமைந்துவிட்டால், கேட்க வருகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தவறு செய்வார். பழியும் அவர் தலையில்தான் விழும். இது நியாயமா?

512-ம் 536-ம்

"சி" என்பது ஒரு கம்ப்யூட்டர் மொழி. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி அதை உருவாக்கினார். இன்றும் அது உலகெங்கும் உபயோகத்தில் இருக்கிறது.

அந்த மொழியில் "கெட்ஸ்" என்று ஒரு கட்டளை இருந்தது. வெளியிலிருந்து வரும் வரியைப் படித்து, நாம் காட்டும் இடத்தில் போடுவது அதன் வேலை. ஆனால், "உங்கள் பாத்திரம் எவ்வளவு கொள்ளும்?" என்று அது கேட்காது! வருவதை எல்லாம் கொட்டும். நிரம்பினாலும் நிறுத்தாது. வழிவது பக்கத்தில் இருப்பதை அழித்துவிடும்.

அந்த நாளில் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர்களில் "பிங்கர்" என்று ஒரு சேவை இருந்தது. ஒருவர் பெயரைக் கேட்டால் அவர் யார் என்று விவரம் சொல்லும். கேள்வியை வாங்கி வைக்க 512 எழுத்துக்கள் கொள்ளும் இடம் ஒதுக்கி இருந்தார்கள். வாங்கியது "கெட்ஸ்" மூலம்!

1988 நவம்பர் 2-ந் தேதி. ராபர்ட் மாரிஸ் என்ற கார்னெல் பல்கலைக்கழக மாணவர், தானாகவே பரவும் ஒரு புரோகிராமை இணையத்தில் விட்டார். "புழு" என்று அதற்குப் பெயர் வந்தது. அது பிங்கருக்கு 536 எழுத்துக்களை அனுப்பியது. "அடுத்து எங்கே போக வேண்டும்" என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருந்ததை வழிந்த எழுத்துக்கள் மாற்றிவிட்டன. பிறகு கம்ப்யூட்டர் புழு சொன்னபடி ஆடியது!

புழு நுழைய வேறு வழிகளும் இருந்தன. இது அவற்றில் ஒன்று. சுமார் 6,000 கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள்.

மாரிசுக்கு 1990-ல் கோர்ட்டு தண்டனை விதித்தது. 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம்.

யார் குற்றம்?

ஜன்னல் வழியாகப் புகுந்தவர் குற்றவாளிதான். சந்தேகம் இல்லை. ஆனால் தாழ்ப்பாளே இல்லாமல் ஜன்னலைச் செய்து வைத்தது யார்?

"புரோகிராம் எழுதியவர் கவனமாக இருந்திருக்கலாமே?" என்று சிலர் கேட்பார்கள்.

எப்படி இருக்க முடியும்? வரப்போகும் வரி எவ்வளவு நீளம் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியாது. "இவ்வளவு போதும், நிறுத்து" என்று கெட்ஸிடம் சொல்லவும் வழி இல்லை.

"எப்கெட்ஸ்" என்று இன்னொரு கட்டளை அப்போதே இருந்தது. அது அளவைக் கேட்கும். நிரம்பியதும் நிறுத்தும். அந்த ஒரு கேள்விதான் முக்கிய வித்தியாசம்!

அப்படி இருந்தும், சி மொழியின் விதிகளில் இருந்து கெட்ஸ் 2011-ல்தான் நீக்கப்பட்டது. புழு வந்து 23 ஆண்டுகள் கழித்து! ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டால் பல பேர் அங்கே வந்து வரிசையில் நிற்கிறார்கள். பிறகு அதை மூடுவது லேசான காரியம் அல்ல.

0-வது மாதம்

இன்னொரு வேடிக்கை. 1990-களில் "ஜாவா" மொழி வந்தது. அதன் தேதி ஜன்னலில் ஜனவரிக்கு எண் 1 அல்ல, 0! டிசம்பருக்கு 11. ஆனால் நாட்கள் மட்டும் 1-ல் தொடங்கும். மார்ச் என்று நினைத்து 3 என்று எழுதினால் ஏப்ரல் வந்து நிற்கும். "தப்பு" என்று கம்ப்யூட்டர் சொல்லாது.

2014-ல் புது ஏற்பாடு வந்தது. அதில் ஜனவரி 1 ஆயிற்று. ஆனால் பழையது இன்னும் போகவில்லை.

என்ன செய்ய வேண்டும்?

ஜன்னல் அமைப்பவர்கள் முதலில் வெளியே வந்து, வரிசையில் நின்று பார்க்க வேண்டும். உள்வேலையைத் தொடங்கும் முன்பே, அதை உபயோகிக்கும் சிறு புரோகிராம்கள் நாலைந்து எழுதிப் பார்க்க வேண்டும். தடுமாறும் இடத்தில் திருத்த வேண்டும். பெயர்கள் விளங்க வேண்டும். யாராவது தவறாகக் கேட்டால், அது தவறு என்று உடனே சொல்ல வேண்டும்.

சரியாகச் செய்வது சுலபமாக இருக்க வேண்டும். தவறு செய்வது கஷ்டமாக இருக்க வேண்டும். அதுதான் நல்ல ஜன்னல்!

உங்கள் வீட்டிலும் கம்ப்யூட்டர் படிக்கும் மகனோ மகளோ இருக்கலாம். நாளை அவர்கள் எழுதுவதை, முன்பின் தெரியாத ஆயிரம் பேர் நம்பி உபயோகிக்கலாம். அவர்களிடம் இந்தப் பழமொழியை இன்றே சொல்லி வையுங்கள்:

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு!