வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியர் ஏறுவது ஏன்?

''வோல்டேஜ் குறைந்தால் கரன்ட்டும் குறையும் என்றுதான் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. ஆனால், வோல்டேஜ் இறங்கும்போது 5 ஹெச்.பி நீர்மூழ்கி மோட்டாரின் ஆம்பியர் மீட்டர் ஏறுகிறதே, ஏன்? காயில் கருகாமல் தடுக்க வழி உண்டா?''

- வாசகர், ஆவூர், புதுக்கோட்டை மாவட்டம்.

பள்ளிப் பாடம் தவறில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த ஜார்ஜ் சைமன் ஓம் 1827-ல் வெளியிட்ட விதி அது. மின்தடை மாறாத பொருளில், வோல்டேஜ் குறையும் அளவுக்குக் கரன்ட்டும் குறையும். 230 வோல்ட்டில் 1,000 வாட் வாட்டர் ஹீட்டர் சுமார் 4.3 ஆம்பியர் எடுக்கும். 180 வோல்ட்டில் 3.4 ஆம்பியர்தான். தண்ணீர் சுட நேரமாகும், ஹீட்டருக்குக் கேடில்லை.

மோட்டார் அப்படியல்ல. வோல்டேஜ் குறைந்தாலும் போர்வெல்லின் ஆழம் குறைவதில்லை. அதே ஆழத்திலிருந்து தண்ணீரைத் தூக்க, ஏறக்குறைய அதே மின்சக்தி வேண்டும். வோல்டேஜில் குறைந்ததை மோட்டார் ஆம்பியரில் ஈடுகட்டுகிறது. 415 வோல்ட்டில் 8 ஆம்பியர் எடுக்கும் மோட்டார், 350 வோல்ட்டில் சுமார் 9.5 ஆம்பியர் இழுக்கும்.

ஒன்றரை ஆம்பியர்தானே என்று விட்டுவிடக் கூடாது. காயிலின் சூடு, ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். இந்தக் கணக்கில் சூடு 40 சதவிகிதம் அதிகம். தொடர்ந்து ஓடினால், கம்பியின் மேலுறை கெட்டு காயில் கருகிவிடும்.

காயிலைக் காக்கச் சில வழிகள்:

* மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரை ஸ்டார்ட்டர் பெட்டியில் எழுதி வைக்கவும். மீட்டர் அதைத் தாண்டி நின்றால், மோட்டாரை நிறுத்திவிடவும்.

* டி.ஓ.எல் ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலேயை அதே ஆம்பியரில் வைக்கவும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் கணக்கு வேறு. எலெக்ட்ரீஷியனைக் கொண்டு வைக்கவும். ரிலே அடிக்கடி விழுகிறது என்று அளவைக் கூட்டுவதும், ஃபியூஸில் தடித்த கம்பி கட்டுவதும் காயிலுக்கு எமன்.

* மூன்று பேஸில் ஒன்று போனாலும், மற்றவற்றில் ஆம்பியர் எகிறும். இதற்கு சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் அவசியம்.

* கேபிள் மெலிதாகவும் நீளமாகவும் இருந்தால், வழியிலேயே வோல்டேஜ் விழும். மேலே மீட்டர் காட்டும் வோல்ட், கீழே மோட்டாருக்குக் கிடைக்காது. ஆழத்துக்கு ஏற்ற தடிமனில் கேபிள் போடவும்.

அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் வோல்டேஜ் குறைந்தால், டிரான்ஸ்ஃபார்மரில் சுமை கூடியிருக்கலாம். எந்த நேரத்தில் எத்தனை வோல்ட் என்று ஒரு வாரம் குறித்து, எல்லோரும் கையெழுத்திட்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மனு கொடுக்கவும்.