சீட்டைக் குலுக்குபவர் யார்?

கணனிக்குத் தற்செயல் என்பது தெரியாது. சொன்னதைச் சொன்னபடியே செய்யும் இயந்திரம் அது. ஆனால் வங்கிக் கணக்கையோ மின்னஞ்சலையோ அரசாங்கத் தரவுத்தளத்தையோ பூட்டுவதற்கு, எவராலும் ஊகிக்கமுடியாத எழுமாற்று எண்கள் வேண்டும். அவை எங்கிருந்து வருகின்றன?

எமது கரையோர ஊர்களில், மருதமுனையானாலும் சாய்ந்தமருதானாலும், பெண்கள் சீட்டுப் பிடிப்பதுண்டு. துண்டுகளை மடித்துக் குலுக்கி, சிறுபிள்ளை ஒன்றைக் கொண்டு எடுப்பிப்பார்கள். மடித்த கையே எடுக்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். எமது ராத்தாமாருக்கு விளங்கிய இந்தச் சட்டம், பொதுமக்களின் பணத்தில் மெய்நிகர் கணனிகளை வாங்கும் கனவான்களுக்கு விளங்கியதாகத் தெரியவில்லை.

மேசையிலுள்ள சாதாரணக் கணனி, விசைப்பலகையைத் தட்டும் இடைவெளி, வன்தட்டு பதிலளிக்கும் நேரம் போன்ற ஒழுங்கற்ற சங்கதிகளைச் சேகரித்துத் தனது எழுமாற்றுக் களஞ்சியத்தை நிரப்பிக்கொள்கிறது. மெய்நிகர் கணனிக்கு விசைப்பலகையுமில்லை, சொந்த வன்தட்டுமில்லை. பெரிய இயந்திரம் ஒன்றினுள் குடியிருக்கும் வாடகைக்காரன் அது. இன்னொரு கேடும் உண்டு. ஒரு மெய்நிகர் கணனியைப் படியெடுத்துப் பத்தாக்கினால் அதன் களஞ்சியமும் பத்தாகிறது. பத்தும் ஒரே சீட்டை எடுக்கக்கூடும். ரிஸ்டன்பார்ட், யிலெக் என்ற இரு ஆய்வாளர்கள் 2010 இல் இதனைச் செய்தே காட்டினார்கள். சேமித்துவைத்த ஒரே நிலையிலிருந்து மெய்நிகர் கணனியை இருமுறை எழுப்பி, இணைய வழங்கியின் இரகசியச் சாவியையே பிடுங்கினார்கள்.

ஊடகச் சந்திப்பொன்றில் இதுபற்றி நான் வினவியபோது, மேடையிலிருந்த விற்பனைப் பிரதிநிதி ஒருவர் சிரித்துக்கொண்டே, "சேர், அதெல்லாம் சொஃப்ட்வெயார் பார்த்துக்கொள்ளும்" என்றார். மண்டபமும் சிரித்தது. டெபியன் லினக்ஸிலும் மென்பொருள்தான் பார்த்துக்கொண்டது. 2006 இல் அதன் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில் செய்யப்பட்ட ஒரு சிறு திருத்தம், எழுமாற்று மூலத்தை ஏறக்குறைய அடைத்துவிட்டது. 2008 மே மாதம் லூசியானோ பெலோ அதனைக் கண்டுபிடிக்கும்வரை, எண்ணற்றதாக இருக்கவேண்டிய சாவிகள் ஒவ்வொரு வகையிலும் 32,768 இற்குள் சுருங்கிக் கிடந்தன. ஒரு சாதாரணக் கணனி அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் எவரும் கவனிக்கவில்லை. ஏனெனில் பூட்டு பூட்டாகவே தெரிந்தது.

அந்த விற்பனையாளர் சொன்னதில் பாதி உண்மை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2019 இற்குப் பின்னர் வந்த லினக்ஸ் கருக்கள், தேவைப்பட்டால் செயலியின் நேரத் தடுமாற்றங்களிலிருந்தே களஞ்சியத்தை நிரப்பிக்கொள்கின்றன. 2022 இல் வெளியான 5.18 ஆம் பதிப்பு, தான் படியெடுக்கப்பட்டதை அறிந்து புதிதாகக் குலுக்கவும் கற்றுக்கொண்டது. ஆனால் அதனை அறிவிக்கும் வசதி தாய் இயந்திரத்திலும் இருக்கவேண்டும்.

எல்லாம் நல்லதுதான், புதிய பதிப்பை நிறுவினால்! எமது நாட்டின் இலட்சணம் என்ன? 2023 இல் லங்கா அரசாங்க மேகக்கணிமை கப்பம் கோரும் தீநிரலால் தாக்கப்பட்டபோது, அங்கு இயங்கியது 2013 ஆம் ஆண்டின் மின்னஞ்சல் மென்பொருள். அவ்வாண்டு மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன. பாதிக்கப்பட்ட முகவரிகள் சுமார் 5,000. அமைச்சரவை அலுவலகமும் அதிலடக்கம். அது எழுமாற்று எண்களின் பிழையன்று, பிரதியெடுத்து வைக்காத பிழை. ஆயினும் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காத அதே பழக்கம்தான் இரண்டுக்கும் வேர்.

இப்போது தனித்துவ டிஜிட்டல் அடையாளத்துக்கு வருவோம். 2022 மார்ச்சில் இந்தியாவுடன் அதற்கான உடன்படிக்கை கைச்சாத்தானது. அடையாள அட்டை என்பது என்னவென்று யுத்தகாலச் சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்ற கிழக்கு மாகாணத்தாருக்கு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அட்டை தொலைந்தால் வேறெடுக்கலாம். கைரேகை களவுபோனால் வேறு விரலுக்கு எங்கே போவது?

விலையுயர்ந்த கருவிகளை இறக்குமதி செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது தரகர்களுக்கே இலாபம். தாய் இயந்திரத்தின் எழுமாற்று எண்களைக் குடியிருக்கும் கணனிக்குக் கொடுக்கும் விர்டியோ-ஆர்என்ஜி என்ற வசதி இலவசமாகவே கிடைக்கிறது. அதனை இயக்கவேண்டும். ஒவ்வொரு படியிலும் பழைய சாவிகளை அழித்துப் புதியன ஆக்கவேண்டும். இவ்விரண்டையும் விலைமனுக் கோரும் ஆவணத்திலேயே எழுதிவைப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.

செயலிக்குள்ளேயே எழுமாற்று எண் தரும் கட்டளை இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். தனியாகப் போதாது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2006 இல் அங்கீகரித்த டுவல் ஈசி என்ற எழுமாற்று முறையில் அந்நாட்டு உளவு நிறுவனமே கள்ளவாசல் வைத்திருந்ததாக 2013 இல் செய்திகள் வெளிவந்தன. மறுவருடம் அது கைவிடப்பட்டது. செயலிகளில் வெறும் தவறும் நிகழலாம்: சில ஏஎம்டி செயலிகள் உறங்கி எழுந்தபின் எழுமாற்று எண் கேட்டபோதெல்லாம் ஒரே எண்ணையே திருப்பிக் கொடுத்தன. அதனால்தான் லினக்ஸ் செயலியின் எண்ணையும் மற்றைய மூலங்களோடு கலந்தே பாவிக்கிறது. துண்டை மடிப்பது ஒருவர், குலுக்குவது இன்னொருவர், எடுப்பது பிள்ளை.