மிதிவண்டிக்கு ஓர் ஆற்றுப்படை

பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்ப்படும் பாணனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. வள்ளலின் புகழ் பாடும் இலக்கியமாகவே அது பெரிதும் பேசப்படுகிறது. ஆனால் அது வழியைப் பாடும் இலக்கியமும் ஆகும். சிறுபாணாற்றுப்படையில் கிடங்கிலுக்குச் செல்லும் வழி, நெய்தல் நிலத்து எயிற்பட்டினம், முல்லை நிலத்து வேலூர், மருத நிலத்து ஆமூர் என நிலம் நிலமாக விரிகிறது. எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்பதும் உடன் சொல்லப்படுகிறது. நடந்து செல்பவனுக்கே நிலம் இவ்வாறு புலப்படும். இன்றைய வாகனங்களில் மிதிவண்டி ஒன்றே அந்த நடைக்கு அண்மையில் நிற்பது.

இதனை இங்கு எழுதக் காரணம் உண்டு. தூத்துக்குடியிலிருந்து தெற்கே மணப்பாடு வரை, பெருஞ்சாலையைத் தொட்டும் தொடாமலும் செல்லும் சிறு சாலைகள் இன்னும் எஞ்சியுள்ளன. நாமும் கல்லூரி நண்பர்கள் சிலரும் விடுமுறை நாள்களில் மிதிவண்டியில் செல்வது இவ்வழிகளில்தான். இவற்றை அடையாளப்படுத்திக் காக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

துறைமுக நகரை விட்டுப் புறப்பட்டால் முதலில் உப்பளங்கள், இருபுறமும் வெண்குவியல்கள். பழையகாயலில் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு மேற்கே திரும்பினால் கொற்கை. மதுரைக்காஞ்சி முத்துக்காகப் போற்றும் பாண்டியர் துறைமுகம், தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கடலை இழந்து, இன்று உள்நாட்டில் சிற்றூராக இருக்கிறது. 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை இங்கு அகழாய்வு செய்தது. கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. காரில் வருபவர்க்குக் கொற்கை ஒரு பெயர்ப்பலகை. மிதித்து வருபவர்க்கோ கடல் பின்வாங்கிய தொலைவு முழுவதும் கால்களில் தெரியும்!

அங்கிருந்து ஏரல் வழியாகக் குரும்பூர் செல்லும் வரை மருதம். ஆற்றுப்பாசனம், வாழை, நெல், வெற்றிலைக் கொடிக்கால். பின்னர் நிலம் சட்டென்று நிறம் மாறுகிறது. காயாமொழியைச் சூழ்ந்த தேரி, இரும்புச்சத்தால் சிவந்த மணல்மேடுகளாகக் கண்ணுக்கெட்டிய வரை பரந்து கிடக்கிறது. மலையில்லாக் கடற்கரையில் ஏற்ற இறக்கம் தருபவை இம்மேடுகளே. ஆனி, ஆடியில் மேல்காற்று சுழற்றியடிக்கும்போது செம்மணல் சாலையின் குறுக்கே ஓடும், மிதிப்பது பெரும்பாடு. தையும் மாசியும் உகந்தவை. அருஞ்சுனை காத்த அய்யனார், தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனார் ஆகியோர் கோயில்கள் இம்மணலுக்கு நடுவே நிழல் தருகின்றன. உடன்குடியில் கருப்பட்டிக் காப்பி அருந்திவிட்டுக் குலசேகரன்பட்டினம் வழியாகச் சென்றால், மணற்குன்றின் மேல் 1581இல் எழுந்த மணப்பாட்டுத் திருச்சிலுவை ஆலயமும் அதன் அடியில் கடலும் தோன்றும். நெய்தலில் தொடங்கிய வழி, மருதமும் தேரியும் கடந்து மீண்டும் நெய்தலில் முடிகிறது.

இத்தகைய வழிகளைக் காக்க இயலுமா? இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில், சியன்னாவுக்கு அருகே கியான்டி குன்றுகள் உள்ளன. திராட்சைத் தோட்டங்களுக்கும் ஒலிவ மரங்களுக்கும் இடையே வெண்சரளைச் சாலைகள் ஏறி இறங்குகின்றன. இவை ஒவ்வொன்றாகத் தார் பூசப்பட்டு மறையத் தொடங்கியபோது, ஜியான்கார்லோ பிரோக்கி என்பவர் 1997இல் கயோலே என்ற ஊரிலிருந்து, பழைய மிதிவண்டிகளில் அச்சாலைகளைச் சுற்றிவரும் 'எரோயிகா' என்ற பயணத்தைத் தொடங்கினார். முதலாண்டில் வந்தவர் தொண்ணூற்றுச் சொச்சம் பேர். இன்று அவ்வழி நிரந்தரப் பெயர்ப்பலகைகளோடு ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது. 2007 முதல் தொழில்முறைப் பந்தயம் ஒன்றும் அவ்வெண்சாலைகளின் பெயராலேயே நடைபெறுகிறது. சரளைச் சாலை பின்தங்கிய நிலையின் அடையாளம் என்ற எண்ணம் மாறி, அது ஊரின் செல்வம் என்ற எண்ணம் வந்தது. பயன்படுத்தியே காத்தார்கள் என்பதுதான் நாம் கற்கவேண்டிய பாடம்.

நம் சூழல் வேறு என்பர் சிலர். உண்மைதான். அங்கு மிதிவண்டி பொழுதுபோக்கு. இங்கு அது பிழைப்பு. விடியும் முன்னரே உப்பளத்துக்கு மிதித்துச் செல்லும் தொழிலாளர்களும், அரசு வழங்கிய மிதிவண்டியில் பள்ளி செல்லும் பிள்ளைகளுமே இச்சாலைகளின் உண்மையான உரிமையாளர்கள். எனவே, வெளியூர்ப் பயணிகளுக்காக ஓர் அழகிய பாதை அமைத்து, உள்ளூரார் சரக்குந்துகளுக்கு அஞ்சி மண்ணில் இறங்கி ஒதுங்கும் நிலை தொடருமானால் அது வெறும் அலங்காரமே. பாதை முதலில் அவர்களுக்கானது. விருந்தினர் அவர்கள் பின்னே வரட்டும்.

குலசேகரன்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது விண்வெளி ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதனை வரவேற்கிறோம். துறைமுகத்துக்கும் ஏவுதளத்துக்கும் அகன்ற சாலைகள் தேவைதான். ஆனால் எல்லாச் சாலையும் அகலமாக வேண்டும் என்பதில் என்ன நியாயம்? பனைகளை வெட்ட ஆட்சியரின் ஒப்புதல் வேண்டும் எனத் தமிழக அரசு 2021இல் அறிவித்தது. மரத்துக்கு நல்கிய அந்த மதிப்பைச் சாலைக்கும் நல்கலாம் அல்லவா? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்து, ஆற்றங்கரைச் சாலைகளும் பாலங்களும் சிதைந்தன. சிதைந்தவற்றைச் சீரமைக்கும் ஒவ்வொரு தருணமும், அவை யாருக்கான சாலைகள் என்று மீண்டும் சிந்திப்பதற்கான தருணமே.

நாம் கேட்பது பெரும்பொருட் செலவன்று. கொற்கை முதல் மணப்பாடு வரையிலான சிற்றூர்ச் சாலைகளில் சிலவற்றை மிதிவண்டி வழிகளாக அறிவித்தல்; கனரக வாகனங்களுக்கு அங்கே தடை, ஏனையவற்றுக்கு வேகவரம்பு; திருப்பந்தோறும் ஊரின் பெயரும் தொலைவும் வரலாறும் பொறித்த ஒரு கல்; உப்பளச் சாலைகளில் விடியலுக்கு முன் வெளிச்சம். இவை போதும்.

1841இல் கால்டுவெல் சென்னையிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்கு நடந்தே வந்தார். மொழிகளை ஒப்பிட்ட அம்மனிதர், பின்னாளில் கொற்கையையும் காயலையும் தோண்டிப் பார்த்தார். மெதுவாகச் செல்பவர்க்கு நிலம் தன் கதையைச் சொல்லும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இலக்கியம் பயிலும் மாணவர்கள் பாடநூலோடு ஒருமுறையேனும் இவ்வழியே மிதித்து வரவேண்டும் என்பது எம் விருப்பம். இதைப் படிக்கும் அன்பர்கள் தத்தம் ஊரின் இத்தகைய சிறு வழிகளை எழுதுங்கள். பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வதுதானே நம் மரபு!