பிள்ளைக்கு என்ன செய்தீர்கள்? தமிழில் எழுதிக் கொடுங்கள்!



2022 டிசம்பரில் கொழும்பு லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் மூன்று வயதுப் பிள்ளையொன்றுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. பழுதான ஒரு சிறுநீரகத்தை எடுக்கத்தான் பெற்றோர் சம்மதித்தார்கள். பிறகு பார்த்தால் இரண்டுமே இல்லை. 2023 ஜூலையில் பிள்ளை இறந்துபோனது. தலைநகரில், பத்திரிகைக்காரர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடத்திலேயே இந்தக் கதி. லயத்துப் பிள்ளைக்கு நடந்தால் யாருக்குத் தெரியும்?

எங்கள் பாடசாலையில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையொன்று வயிற்றுவலி என்று அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனது. கொழுந்து மலையிலிருந்து ஓடிய தாயிடம் சிங்களத் தாளொன்றை நீட்டி, "இங்க போடுங்க" என்றார்கள். போட்டார். ஓப்பரேஷன் முடிந்தது. அந்த மாதம் பாதிப் பேர் போனது. கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. படித்த நாங்களே அந்தக் கையெழுத்தோடு மல்லுக்கட்டித் தோற்றோம். குடல்வாலா, ஹேர்னியாவா? "ஏதோ எடுத்தாங்க சேர்" என்கிறார் தாய்.

அந்த ஓப்பரேஷன் தேவையானதாகவே இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். எது என்று பெற்றவருக்கே தெரியாமல் வைத்திருப்பதுதான் அநியாயம். தேவையில்லாமல் கத்தி வைத்தவர் ஒளிந்துகொள்வதும் இந்த இருட்டுக்குள்தான்.

கேள்வி கேட்டால் டொக்டர்மார் மலைநாட்டுக்கு வரமாட்டார்கள் என்று சில பெரியவர்கள் பயம் காட்டுகிறார்கள். இருக்கிற டொக்டர்மார் இரவு பகலாகப் பாடுபடுவது எங்களுக்கும் தெரியும். நேர்மையாக வேலை செய்பவருக்கு, செய்ததை எழுதிக் கொடுப்பதில் என்ன நட்டம்?

டொக்டரை மட்டும் பிடித்தாலும் போதாது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருதய சத்திரசிகிச்சைக்குப் பிறகு குழந்தைகள் அளவுக்கு மிஞ்சி இறந்தார்கள். பெற்றோர் விடவில்லை. 1998இல் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரோடு, கத்தியே தொடாத தலைமை நிர்வாகியும் வைத்தியர் பதிவிலிருந்து நீக்கப்பட்டார். பகிரங்க விசாரணை நடந்து 2001இல் அறிக்கையும் வந்தது. இங்கே அமைச்சின் ஆஸ்பத்திரியில் தவறு நடந்தால் அமைச்சே குழு போடுகிறது. தன் பேரேட்டைத் தானே சரிபார்க்கும் கணக்கப்பிள்ளையை நாம் நம்புவோமா?

தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் விளக்காத தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். விளங்கப்படுத்த ஆள் கேளுங்கள். உயிராபத்து என்றால் சிகிச்சையைத் தடுக்க வேண்டாம், ஆனால் பிறகு விடாமல் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லலாம். தகவல் அலுவலர்தான் அதை எழுதிக்கொள்ள வேண்டும்.

பிள்ளைக்கு ஓப்பரேஷன் நடந்த வீட்டார் கிளினிக் கொப்பியையும் ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டுகளையும் அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். விண்ணப்பம் எழுத நாங்கள் இருப்போம்.