அரிசிச் சோதனையும் ஒரு கையெழுத்தும்



“மனச்சோர்வுக்குப் புது மருந்து ஆராய்ச்சி நடக்கிறதாம். சேரச் சொல்கிறார்கள். என் மகளைச் சேர்க்கலாமா? எலியை வைத்துச் சோதிப்பது போல் ஆகிவிடாதா?” என்று ஒரு தாய் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது? சேரு என்றோ வேண்டாம் என்றோ ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. முதலில் நம் கோலாலம்பூரிலேயே நடந்த ஒரு பழைய கதையைக் கேளுங்கள்.

1905இல் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் பெரிபெரி நோய் பரவிப் பலர் மாண்டனர். காரணம் அரிசியாக இருக்குமோ என்று டாக்டர் வில்லியம் பிளெட்சர் சந்தேகித்தார். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் தேதி நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு கட்டடத்துக்குப் போனார்கள். அவர்களுக்கு வழக்கமான சயாம் வெள்ளை அரிசி. இரட்டைப்படை எண்காரர்கள் எதிர்க் கட்டடத்துக்குப் போனார்கள். அவர்களுக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. ஓராண்டு முடிவில் வெள்ளை அரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தனர். புழுங்கல் அரிசி உண்டவர்களில் ஒருவர்கூட அந்நோயால் சாகவில்லை. தீட்டும்போது உமியோடும் தவிட்டோடும் போய்விடும் சத்து, நெல்லைப் புழுக்கும்போது அரிசிக்குள்ளேயே தங்கிவிடுகிறது என்பது பின்னால் தெரிந்தது. புழுங்கல் சோறு உண்ட நம் தோட்டத்து முன்னோர்களிடம் பெரிபெரி அவ்வளவாகத் தலைகாட்டாததற்கும் அதுவே காரணம்.

ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் இந்த உண்மை வெளிவந்தது. ஆனால் அந்த வரிசையில் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். “உனக்குச் சம்மதமா?” என்று நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் வழக்கம் அந்நாளில் இங்கே கிடையாது. அன்றைய சோதனைக்கும் இன்றைய ஆராய்ச்சிக்கும் உள்ள பெரிய வேறுபாடு அந்தக் கையெழுத்துதான்.

1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கி நகரில் வெளியிட்ட பிரகடனம், நோயாளியின் நலனே ஆராய்ச்சியைவிடப் பெரிது என்று வகுத்தது. இன்று நம் நாட்டிலும் அறநெறிக் குழுவின் அனுமதியில்லாமல் மனிதர்களிடம் மருந்துச் சோதனை நடத்தக்கூடாது. சுகாதார அமைச்சுக்கு ஒரு குழு உண்டு. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கும் தனிக்குழு உண்டு.

மனச்சோர்வுக்கு ஏன் இன்னும் ஆராய்ச்சி என்று கேட்கலாம். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்கு, இந்நோய் இருக்கிறது. 2019இல் இது 2.3 விழுக்காடாக இருந்தது. இருக்கும் மருந்துகளும் எல்லாருக்கும் ஒத்துவருவதில்லை. 2006இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், முதல் மருந்திலேயே நோய் நீங்கியவர்கள் மூன்றில் ஒருவர் அளவுதான்.

ஆராய்ச்சி என்றால் மாத்திரை மட்டும் என்று எண்ணவேண்டாம். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. டாக்டர் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண மக்களே மனச்சோர்வு உள்ளவர்களிடம் அமர்ந்து பேசினார்கள். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களைவிட அவர்களிடம் பேசியவர்களில் அதிகம் பேர் தேறினார்கள். அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் நம்மைப் போன்ற ஏழை எளியவர்களே.

சரி, எங்கே விசாரிப்பது? இப்போது மருந்து கொடுக்கும் டாக்டரிடமே முதலில் கேளுங்கள். இதுவரை டாக்டரையே பார்க்காதவர்கள் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் தொடங்கலாம். பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை பக்கம்தான். கிள்ளானில் இருப்பவர்களுக்குத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை இருக்கிறது. அங்குள்ள மனநலப் பிரிவில் “இப்போது ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கிறீர்களா?” என்று கேட்கலாம். எல்லா நாளும் ஆராய்ச்சி நடப்பதில்லை. கணினி தெரிந்த பிள்ளைகள் இருந்தால், ‘கிளினிக்கல் டிரையல்ஸ்’ என்ற அமெரிக்க அரசாங்கப் பதிவேட்டில் மலேசியாவில் நடப்பவற்றைத் தேடச் சொல்லுங்கள். வயது, கர்ப்பம், வேறு நோய்கள் ஆகியவற்றைப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். சேர்க்கவில்லையென்றால் மனமுடைய வேண்டாம். அது உங்கள் குறையல்ல.

சேர்க்கச் சம்மதித்தால் ஒரு தாளைக் கொடுப்பார்கள். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துவந்து நான்கு பேரிடம் கலந்து பேசுங்கள். மலாயோ ஆங்கிலமோ புரியவில்லையென்றால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைப்பதானால், ஆராய்ச்சியைச் சேராத ஒருவர் சாட்சியாகப் பக்கத்தில் இருக்கவேண்டும். பிறகு இவற்றைக் கேளுங்கள்:

மருந்தில்லாத வெற்று மாத்திரை எனக்கு வர வாய்ப்புண்டா? இப்போது சாப்பிடும் மருந்தை நிறுத்தச் சொல்வீர்களா? பக்க விளைவு வந்தால் இரவில் யாரைக் கூப்பிடுவது? உடம்புக்குக் கேடு வந்தால் செலவு யாருடையது? ஆராய்ச்சி முடிந்தபின் அந்த மருந்து தொடர்ந்து கிடைக்குமா?

வெற்று மாத்திரை என்றதும் ஏமாற்று என்று நினைக்காதீர்கள். மனச்சோர்வில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் கணிசமானோர் தேறுவதுண்டு. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்காமல் மருந்தின் பலனைச் சொல்ல முடியாது. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல்தான் முடிவு செய்வார்கள். அப்படி வர வாய்ப்பு இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது விதி.

இரண்டு எச்சரிக்கைகள். ஆராய்ச்சியில் சேரலாம் என்ற ஆசையில் இருக்கும் மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். தலைசுற்றலும் தூக்கமின்மையும் வரலாம், நோயும் திரும்பலாம். அடுத்தது, பணம். பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் கொடுப்பது வழக்கம். ஆனால் “பணம் கட்டினால் சேர்த்துக்கொள்கிறோம்” என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

“தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போகவேண்டியவன்” என்று கேலி பேசியே எத்தனை பேரின் வாயை அடைத்திருக்கிறோம்! உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறவர்கள் எந்த ஆராய்ச்சிக்கும் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1970 முதல் சேவை செய்துவரும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸை 03-7627 2929 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். தற்கொலைக்கு முயல்வது இந்நாட்டில் 2023 முதல் குற்றமுமல்ல. போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை.

ஆகவே அந்தத் தாய்க்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: அம்மா, உங்கள் மகள் கேள்வி கேட்கட்டும், பதில் திருப்தியாக இருந்தால் சேரட்டும். வேண்டாம் என்று சொன்னாலும், பாதியில் விலகினாலும், வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்தக்கூடாது. அன்று வரிசையில் நின்றவர்களுக்கு வெறும் எண்தான் இருந்தது. உங்கள் மகளுக்குப் பெயரும் உண்டு, பேச வாயும் உண்டு.