தொண்ணூற்றெட்டாவது வாடிக்கையாளர்

வங்கிகளும் அரசாங்க இலாகாக்களும் புதிய டேட்டாபேஸ் சர்வர் ஒன்றை வாங்குமுன், அது விநாடிக்கு எத்தனை பரிவர்த்தனைகளைத் தாங்கும் என்று பெஞ்ச்மார்க் பரீட்சை நடத்தி, கிடைத்த எண்ணைக் காகிதத்தின் தலைப்பிலேயே போட்டுக்கொள்வது சகஜமாகிவிட்டது. பரீட்சையின் நடுவே எதிர்பாராமல் எழும் பிழைகளோ, சாதத்தில் கிடந்த தலைமயிரைப்போல, பிறர் கண்ணில் படுமுன் எடுத்தெறியப்படுகின்றன. என் அபிப்பிராயம் இந்த வழக்கத்துக்கு நேர் விரோதமானது: எண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பிழைகளின் விருத்தாந்தத்தையே முதலில் கேட்கவேண்டும்.

இத்தகைய பரீட்சைகளுக்கு வங்கியையே மாதிரியாகக் கொள்ளும் சம்பிரதாயம், 1985-ல் கணினி விஞ்ஞானி ஜிம் கிரே தம் பெயரை வெளியிடாமல் சகாக்களுடன் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வேரூன்றியது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸுடன் வரும் பிஜிபெஞ்ச் கருவி இன்றும் ஒரு கிளை, பத்து காசாளர்கள், ஒரு லட்சம் கணக்குகள் கொண்ட கற்பனை வங்கியைத்தான் கட்டித் தருகிறது. அந்த ஒற்றைக் கிளையின் இருப்புத் தொகையை ஐம்பது வாடிக்கையாளர்கள் ஒரே சமயத்தில் திருத்த முயன்றால் ஒருவர் பின் ஒருவராகக் காத்து நிற்பதைத் தவிர வேறு கதியில்லை. அப்போது சர்வர் மந்தம் என்று தீர்ப்பெழுதுவது அநியாயம். சிறுத்துப்போனது நாம் கட்டிய வங்கி.

நண்பர் ஒருவரின் அலுவலகத்தில் நடந்த பரீட்சையில் நானும் உடனிருந்தேன். நூறு இணைப்புகளை அனுமதிக்கும் வழக்கமான அமைப்பில் நூறு வாடிக்கையாளர்களை ஏவியதும், தொண்ணூற்றெட்டாமவரை வாசலிலேயே நிறுத்திவிட்டது சர்வர். நிர்வாகிக்கென்று மூன்று இடங்கள் ஒதுக்கப்பட்டிருப்பது இளைஞரான எஞ்சினியருக்கு நினைவில்லை. சிரித்துக்கொண்டே வரம்பை ஆயிரமாக்கினார். பத்து நிமிஷம் எல்லாம் சுகமாக ஓடியது. பிறகு, சர்வர் திடீரெனத் தொடர்பைத் துண்டித்துவிட்டது என்ற ஒரே வாக்கியம் திரையெங்கும் நிரம்பிற்று. கம்பியைச் சந்தேகித்தார்கள், ஸ்விட்சைச் சந்தேகித்தார்கள், மத்தியான்னம் கழிந்தது. காரணம் வேறொரு ஏட்டில், லினக்ஸ் கெர்னலின் லாகில், ஒற்றை வரியாகக் கிடந்தது: மெமரி தீர்ந்துபோகவே, ஒரு புராசஸ் கொல்லப்பட்டிருந்தது. இணைப்புக்கு ஒரு புராசஸ் என்று வைத்து நடத்தும் போஸ்ட்கிரெஸ், அவற்றுள் ஒன்று இப்படி அகாலமாக மடிந்தால், பொதுவில் பகிர்ந்த மெமரி பழுதுபட்டிருக்குமோ என்று அஞ்சி, மற்ற எல்லோரையும் வெளியேற்றிவிட்டுத் தன் பதிவேட்டைப் படித்து மறுபடி எழுந்து நிற்கும். அந்த எச்சரிக்கையை நான் பாராட்டவே செய்கிறேன்.

இன்னொரு விபரீதமும் உண்டு. மறுப்புச் சொல்வதற்கு நேரம் அதிகம் பிடிப்பதில்லையாதலால், தோற்ற கோரிக்கைகளையும் முடிந்தவற்றோடு சேர்த்துக் கூட்டும் பரீட்சையில் பிழை பெருகப் பெருக வேகமும் பெருகியதாகத் தோன்றும். கதவைச் சாத்திக்கொண்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பும் கடைக்காரன் மணிக்கு ஆயிரம் பேரைக் கவனித்ததாகக் கணக்குக் காட்டலாமே! ஆகையால், தோற்றவை எத்தனை, எந்த நிமிஷத்தில், என்ன சொல்லித் தோற்றன என்ற விவரமும் அந்த நேரத்து லாகும் இணைக்கப்படாத எந்த எண்ணையும் டெண்டரில் ஏற்கலாகாது என்பேன்.

மாலையில் ஒரேயொரு இணைப்பைக்கொண்டு ஓட்டிப் பார்த்தபோது விநாடிக்கு மூவாயிரத்துக்கு மேல் வந்தது. "பிழையே இல்லை, ஸார்!" என்றார் இளைஞர். எனக்கோ அதுதான் உறுத்தியது. அந்தப் பழைய யந்திரத்தின் ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 7,200 முறை, அதாவது விநாடிக்கு 120 முறை சுழல்வது. ஒவ்வொரு பரிவர்த்தனையும் தட்டில் மெய்யாகவே பதிந்த பின்னர்தான் அடுத்தது தொடங்குமென்றால், சுற்றுக்கு ஒன்று என்ற கணக்கைத் தாண்ட மார்க்கம் ஏது? அமைப்புக் கோப்பைத் திறந்தோம். தரவை விரைவாக ஏற்றுவதற்காக யாரோ, எழுதியது தட்டில் பதிவதை உறுதிசெய்யும் எஃப்சிங்க்கை அணைத்துவிட்டு, திரும்பப் போட மறந்திருந்தார்கள். எழுதிவிட்டேன் என்று சர்வர் சொன்னதெல்லாம் தட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பாரில்லை. அந்த நேரத்தில் மின்சாரம் நின்றிருந்தால் கணக்குகளின் கதி என்னவாகியிருக்கும்!

எஃப்சிங்க்கை இயக்கி மறுபடி ஓட்டினோம். நூற்றுப் பதினொன்று வந்தது. இளைஞர் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, மூவாயிரத்தை அடித்து, அதன்மேல் அந்த எண்ணைப் பென்சிலால் எழுதினார்.